குதிரையைத் திருத்தும் முன்...



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, இன்று பணியில் இருப்பவள், சில ஆண்டுகளாக ‘டிரெஸ்ஸாஜ்’ என்னும் குதிரைப் பயிற்சிக் கலையைக் கற்று வருகிறாள். அவள் அழைப்பின் பேரில் ஒரு ஞாயிறு காலை பயிற்சித் திடலுக்குச் சென்றேன். அன்று கண்டதே இக்கட்டுரைக்கு வித்து.

பிரெஞ்சு மொழியில் டிரெஸ்ஸாஜ் என்றால் பயிற்றுதல் என்று பொருள். அறுபது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்ட திடலில், குதிரை நடந்தும் துள்ளுநடையிட்டும் பாய்ந்தும் வட்டங்களும் வளைவுகளும் இட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் சுழியம் முதல் பத்து வரை புள்ளிகள். மேலிருப்பவர் கட்டளையிடுவது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவே கூடாது. நம் நாட்டின் கபில் அம்பாக் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் பிரிவில் வெள்ளி வென்றது இந்தக் கலையில்தான். 2023-இல் ஹாங்சோவில் இந்தியக் குழு தங்கம் வென்றதும் இதிலேதான்.

அன்று மாணவியின் குதிரை வலப்புறம் திரும்ப மறுத்தது. “குதிரைக்குப் பிடிவாதம், சாட்டையைக் காட்டு” என்றார் அருகில் நின்ற ஒருவர். நான் குதிரையைப் பார்க்கவில்லை; அவளைப் பார்த்தேன். இடத்தோள் உயர்ந்திருந்தது. எடை முழுவதும் ஒரு பக்கமே சாய்ந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். ஈ அமர்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் விலங்கு குதிரை. முதுகின் மேல் கோணலாக அமர்ந்திருப்பவரின் எடையை அது உணராதா?

பல்லாண்டுகளாக யோகாசனம் பயின்று வருபவள் நான். அவளை என்னுடன் பயில அழைத்தேன். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்போருக்கு இடுப்பின் முன்புறத் தசைகள் இறுகிவிடுகின்றன. துள்ளுநடையில் குதிரையின் முதுகு ஏறி இறங்கும்போது, இறுகிய இடுப்பு அவ்வசைவை உள்வாங்காது. உடல் குலுங்கும், முழங்கால் சேணத்தை இறுக்கும், கை தானாகவே கடிவாளத்தை இழுக்கும். வலி குதிரையின் வாய்க்கு! ஆஞ்சநேயாசனமும் பத்த கோணாசனமும் அவ்விறுக்கத்தைத் தளர்த்துகின்றன. சேதுபந்தாசனம் முதுகுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டுகிறது. தாடாசனத்தில் நின்றால் எந்தக் காலில் எடை மிகுதி என்பது நமக்கே புலப்படும்.

எல்லாவற்றினும் முதன்மையானது மூச்சு. நீண்ட வெளிமூச்சு நெஞ்சத் துடிப்பைத் தணிக்கிறது. தோளையும் கையையும் இளக்குகிறது. குதிரையை நிறுத்தும் முன் மெல்ல மூச்சை விட்டு முதுகை நிமிர்த்தினால், கடிவாளத்தை இழுக்கும் தேவை குறைகிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் உயிர்ப்பைக் குதிரைக்கு ஒப்பிடுகிறார். அந்த உட்குதிரையை அடக்கியவருக்கு வெளிக்குதிரை நண்பனாகும் என்பது என் எண்ணம்.

யோகம் ஒன்றே போதும் என்று நான் கூறவில்லை. சேணத்தில் அமர்ந்து பயிலும் நேரத்திற்கு மாற்றே இல்லை. குதிரை முரண்டு பிடித்தால் அதன் முதுகிலோ பல்லிலோ வலி உள்ளதா, சேணம் பொருந்துகிறதா என்றும் பார்த்தாக வேண்டும். அளவுக்கு மீறி உடலை வளைப்பதும் நோக்கமன்று. வலுவும் நெகிழ்வும் இணைந்து வர வேண்டும். முதுகுவலி உள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் நன்று.

ஆயினும் இதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 2024-இல், பிரிட்டனின் புகழ்பெற்ற வீராங்கனை சார்லட் டூஜார்டின், பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களைத் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த பழைய காணொளி வெளிவந்ததால், பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடையும் பெற்றார். ஒலிம்பிக் தங்கம் வென்றவரின் கையிலும் சாட்டை தவறக்கூடும் என்றால், புதிதாகக் கற்பவர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! வாயில்லா உயிர் தன் குறையை எவரிடம் முறையிடும்?

சில மாதங்களுக்குப் பின் மீண்டும் திடலுக்குச் சென்றேன். குதிரை வலப்புறம் திரும்பியது. முழுமையாக அன்று, ஆனால் சாட்டையின்றித் திரும்பியது. “டீச்சர், கோணல் என்னிடம்தான் இருந்தது” என்றாள் மாணவி.

வீடு திரும்பும் வழியில் என் வகுப்பறையை நினைத்துக்கொண்டேன். ‘பிடிவாதக்காரன்’ என்று நான் முத்திரை குத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? அன்று என் தோள் எப்படி இருந்தது? என் மூச்சு எப்படி இருந்தது? பிறரைத் திருத்தும் பொறுப்பை ஏற்றவர் முதலில் தம் இருக்கையைச் சரிபார்க்க வேண்டும். குதிரை மேல் அமர்ந்தாலும் சரி, கரும்பலகை முன் நின்றாலும் சரி.

சிந்திப்போமா, அன்பர்களே?