மன்னர் கட்டிய மனாரா



"வேறு மதத்தவரின் கோயிலுக்குப் போனால் நம் சாமி கோபிக்குமா?" இந்தச் சந்தேகம் உங்களில் பலருக்கு இருக்கும். பதிலைத் தேடி நாகூர் போகலாம், வாருங்கள்!

வானூரிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாகப் போனால் நாகூர் வரும். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூஃபி ஞானி சாகுல் ஹமீது அங்கேதான் அடக்கமாகியுள்ளார். 'நாகூர் ஆண்டவர்' என்று மக்கள் அவரை அன்போடு அழைக்கிறார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் அங்கே வந்து வேண்டிக் கொள்கிறார்கள்.

தர்காவில் கோபுரம் போல ஐந்து மனாராக்கள் உண்டு. மிகப் பெரியதன் உயரம் 131 அடி. அதைக் கட்டித் தந்தவர் யார் தெரியுமா? 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவர் ஓர் இந்து! மனாரா கட்டியதால் அவர் தம் மதத்தை விட்டுவிடவில்லை. அவர் பக்தியும் குறையவில்லை.

பிறர் வணங்கும் இடத்தை மதிப்பதால் நம் சாமி கோபிக்காது, செல்லங்களே. அங்கே போனால் செருப்பைக் கழற்றுங்கள்; தலையை மூடிக் கொள்ளுங்கள்; அமைதியாக நில்லுங்கள். வழக்கம் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்.

"அவனோடு சேராதே, அவன் வேறு மதம்" என்று வகுப்பில் யாராவது சொன்னால், அந்த மன்னரை நினைத்துக் கொள்ளுங்கள். அடுத்த நிமிடமே நண்பனின் தோளில் கை போடுங்கள்!