சும்மா கொடுங்க, இல்லேன்னா சரியான விலை சொல்லுங்க!

"ஏல, வாசல்ல மலர்வளையத்த மாட்டி வச்சிருக்க! யாருல செத்துப்போனா?"

போன டிசம்பரில் எங்க ஆச்சி கேட்ட கேள்வி இது. கேட்டதில் தப்பே இல்லை. நம்ம ஊரில் வட்டமா ஒரு வளையம் கட்டினா அது துக்க வீட்டுக்குத்தான் போகும். நல்ல காரியத்துக்குத் தோரணம் நீளமாத்தான் தொங்கும். நான் மாட்டினது பூவில் கட்டினதும் இல்லை, சாவுக்குக் கட்டினதும் இல்லை. அது துணி வளையம். கிறிஸ்துமஸ் சமயத்தில் கதவில் மாட்டுவாங்களே, அது.

எங்க தெருவில் பாதி வீடு கிறிஸ்தவங்க வீடு. நவம்பர் கடைசியிலேயே வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்க ஆரம்பிச்சுடும். நாங்க கிறிஸ்தவங்க இல்லைன்னாலும் தெருவே ஜொலிக்கும்போது நம்ம வாசல் மட்டும் மொட்டையா இருந்தா எப்படி? அதான் கட்டினேன்.

ஆச்சிக்கு ஒரு கதையும் சொன்னேன். 1839ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் யோகான் வீச்செர்ன் என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போ வரும்னு பிள்ளைகள் நச்சரிச்சுக்கிட்டே இருக்க, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, தினம் ஒண்ணா ஏத்தி நாளை எண்ண வச்சார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மெழுகுவர்த்தி வளையம் வைக்கிற வழக்கத்துக்கு அதைத்தான் தொடக்கமாச் சொல்றாங்க. அதாவது வேண்டாத பொருளில் செஞ்சது. "சரி, அப்ப மாட்டு"ன்னு ஆச்சி உத்தரவு கொடுத்தாச்சு :-)

செய்முறை ரொம்ப சுலபம். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவங்க. வெட்டி மிஞ்சின துண்டுத்துணி ஒரு மூட்டை எப்பவும் கிடக்கும். ஜி.ஐ. கம்பியை 12 அங்குல விட்டத்துக்கு வட்டமா வளைச்சுக்கணும். துணியை 1 அங்குல அகலம், 6 அங்குல நீளத்துக்கு நாடா நாடாவா வெட்டிக்கணும். ஒவ்வொண்ணையும் கம்பியில் ஒரு முடிச்சு போட்டு நெருக்கித் தள்ளிக்கிட்டே போகணும். அவ்வளவுதான். காட்டன்னா முடிச்சு நல்லா நிக்கும். பட்டும் சிந்தெடிக்கும் வழுக்கும், பிரியும். சுற்றளவு ஏறக்குறைய 38 அங்குலம். அங்குலத்துக்கு 5 முடிச்சு வச்சா 190 முடிச்சு. வெட்டுறது, கட்டுறது, ரிப்பன், மணி எல்லாம் சேர்த்து எனக்கு 3 மணி நேரம் ஆச்சு. அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். முடிச்சுல என்ன குறுக்குவழி இருக்கு?

சிவப்பு பச்சையில் கட்டினா கிறிஸ்துமஸ். மஞ்சளும் பச்சையும்னா பொங்கல். ஒரே கம்பியில் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கலாம்.

இதுவரைக்கும் சந்தோஷமான கதை. இனிமேல்தான் விஷயமே.

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தாங்க. ரொம்பப் பிடிச்சுப்போச்சு. "யக்கா, எங்க சொந்தக்காரங்களுக்கும் சேர்த்து 8 கட்டித் தாங்க. துணியெல்லாம் வேஸ்ட்டுதான, 60 ரூவா போட்டுக்கோங்க"ன்னாங்க. அம்மா உடனே சரின்னுட்டாங்க.

எனக்குள்ள தூங்கிட்டு இருந்த பி.காம் முழிச்சுக்கிச்சு. நோட்டை எடுத்து காஸ்ட் ஷீட் போட்டேன். கம்பி 12, ரிப்பன் 10, மணி 8. ஆக 30 ரூபாய். துணி பூஜ்யம். கூலி...?

அம்மா ஒரு சாதா ஜாக்கெட் தைக்க 150 ரூபாய் வாங்குறாங்க. அதுக்கும் இதே 3 மணி நேரம்தான். அப்போ வளையத்தின் அடக்க விலை 180 ரூபாய். 60க்குக் கொடுத்தா ஒவ்வொண்ணுக்கும் 120 ரூபாய் நட்டம். எட்டுக்கு 480 ரூபாய் வரும், அதில் பொருள் செலவு 240 போக மிச்சம் 240. அதுக்கு அம்மாவோட 24 மணி நேரம். மணிக்கு 10 ரூபாய்!

எங்க காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் ஒரு சமாச்சாரம் உண்டு. முதலாளி சொந்தக் கட்டடத்தில் தொழில் நடத்தினா வாடகைன்னு யாருக்கும் ஒரு பைசா கொடுக்கிறதில்லை. ஆனாலும் அடக்க விலைக் கணக்கில் 'கற்பனை வாடகை' சேர்த்துக்கலாம். ஏன்னா அந்தக் கட்டடத்தை வேற ஆளுக்கு விட்டிருந்தா வாடகை வந்திருக்கும். செங்கலுக்கும் சிமெண்டுக்கும் இந்த மரியாதை உண்டு. அம்மாவோட கைக்கு மட்டும் கிடையாதா?

இது எங்க வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லைங்க. ஒருத்தர் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணையே கல்யாணம் பண்ணிக்கிட்டா தேச வருமானம் குறைஞ்சிடும்னு 1920லேயே பொருளாதார அறிஞர் பிகூ எழுதிட்டார். அதே பெண், அதே சமையல், சம்பளம் மட்டும் நின்னுபோகும், அதனால் கணக்கிலிருந்தும் காணாமப் போகும். நம்ம நாட்டில் 2019ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதுக்குச் செலவழிச்சது நாளைக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களோட நேரம் 289 நிமிடமா ஆச்சு. அஞ்சு வருஷத்தில் பத்து நிமிஷம்!

அப்பாகிட்ட சொன்னேன். "சாயங்காலம் சும்மா இருக்கிற நேரத்துலதான கட்டுறா?"ன்னார். அம்மா சாயங்காலம் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

அம்மா சொன்னதுதான் யோசிக்க வச்சது. "எல்லாத்துக்கும் கணக்குப் பார்த்தா தெருவுல குடியிருக்க முடியுமால? அவ அவசரத்துக்கு எவ்வளவோ செஞ்சிருக்கா. நாளைக்கு ஜாக்கெட் தைக்கவும் அவதான் கொண்டு வருவா." உண்மைதான். குட்வில்லுக்கும் ஒரு மதிப்பு இருக்குன்னு எங்க பாடத்திலேயே இருக்கு. மறுக்கலை.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அன்புக்காகன்னா காசே வாங்கக் கூடாது. அப்போ அது பரிசு, வாங்கினவங்க மனசுலயும் அப்படியே நிக்கும். 60 ரூபாய் வாங்கின நொடியிலேயே அது வியாபாரமாயிடுது. அவங்க கணக்கில் கடன் தீர்ந்தாச்சு. அம்மாவுக்கு நன்றியும் இல்லை, கூலியும் இல்லை. அதுக்கும் மேல, தெருவுக்கே அந்தப் பொருளின் விலை 60ன்னு பதிஞ்சுபோகும். நாளைக்கு வேற ஒரு பொண்ணு இதையே பிழைப்பா வச்சு 180 சொன்னா, "அங்க 60க்குத் தர்றாங்களே"ம்பாங்க.

அதனால என் கட்சி இதுதான். வீட்டில் கையால் செஞ்ச பொருளை ஒண்ணு சும்மா கொடுங்க, இல்லேன்னா சரியான விலை சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவில் நிக்காதீங்க.

கடைசியில் அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? எதிர்வீட்டு அக்காவுக்கு ஒண்ணு சும்மா கொடுத்தாங்க. "மத்தவங்களுக்குன்னா 180 ஆகும்மா"ன்னு தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. அக்கா முகம் கொஞ்சம் சுருங்கினது நிஜம். அவங்க சொந்தக்காரங்களில் 3 பேர் வாங்கினாங்க, மத்தவங்க வேணாம்னுட்டாங்க. 540 ரூபாயில் பொருள் செலவு 90 போக 450. மணிக்கு 50 ரூபாய்.

எட்டு கட்டி 240 சம்பாதிக்க இருந்த இடத்தில் மூணு கட்டி 450. மிச்ச சாயங்காலங்களில் அம்மா என்ன செஞ்சாங்கன்னு கேட்கறீங்களா? ரெண்டு நாள் ஆச்சியோட உட்கார்ந்து டிவி பார்த்தாங்க. அந்த ரெண்டு நாளும் பாத்திரம் நான்தான் தேய்ச்சேன். கூலி கேட்கலை. அது பரிசுக் கணக்கு :-)