தனித்து வந்த விருந்தாளி

விருந்தோம்பல் தமிழர் தம் தலையாய பண்பென்று மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். அழைப்பின்றி, சுற்றமும் துணையுமின்றி, ஆண்டுதோறும் நம் மலையகத்துக்கு வந்து செல்லும் சிறு விருந்தாளி ஒன்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இறம்பொடையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை லபுக்கலையைக் கடந்து நுவரெலியாவைச் சேர்கின்றது. அந்நகரின் நடுவே விளங்கும் விக்டோரியாப் பூங்கா, மகாராணியாரின் அறுபதாம் ஆண்டு ஆட்சி நிறைவின் ஞாபகமாக 1897ஆம் ஆண்டில் அப்பெயர் பெற்றது. சித்திரை மாதத்தில் அங்கே மலர் காண மக்கள் திரள்வர். ஆயின் ஐப்பசி முதல் பங்குனி வரை வரும் வேறொரு கூட்டத்தாரைக் கவனித்ததுண்டா? மலர்ப்பாத்திகளை அவர்கள் ஏறெடுத்தும் பாரார். கழுத்திலே தொலைநோக்காடி தொங்க, நீரோடையோரத்துப் புதர்களை நோக்கி வாய்திறவாது நிற்பர். அவர்களுட் பலர் கடல் கடந்து வந்தோர்.

அவர்கள் தேடுவது காஷ்மீர ஈப்பிடிப்பான் என்னும் பறவை. அலகு முதல் வால் வரை ஏறக்குறைய 13 சென்ரிமீற்றரே நீளம். ஆண் பறவையின் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள் நிறம். அதனைச் சுற்றிக் கரிய கரை. இமயத்தின் சாரலிலே கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, பனிக்காலம் நெருங்கியதும் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் பறந்து நம் மலைகளை வந்தடைகின்றது. இங்கே பெரும்பாலும் தனித்தே திரியும். உலகில் அருகிவரும் இனங்களுள் ஒன்றாக இதனை எண்ணுகின்றனர். ஆறுமணிக் குருவியும் இமயத்தின் அடிவாரத்துப் பூங்குருவியொன்றும் இதே பூங்காவைத் தேடி வருவன.

இவை மலரின் அழகுக்காக வரவில்லை. நிழலும் ஈரமும், உதிர்ந்த இலைகளும், அவற்றினிடையே ஊரும் பூச்சி புழுக்களுமே இவற்றை அழைக்கின்றன. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் பரந்த காடுகள் வெட்டப்பட்ட இம்மலைகளில், ஓடைக்கரைப் புதர்களே இவற்றுக்குப் புகலிடம். நாமோ புதரைக் கண்டால் வெட்டுகின்றோம். ஓடையைக் கண்டால் குப்பையைக் கொட்டுகின்றோம். பூங்காவின் ஓடையிலும் நகரத்துக் கழிவு மிதந்து வருகின்றது. அக்கழிவின் ஓரத்திலே இரை தேடுகின்றது நம் விருந்தாளி! நீரைத் துப்புரவு செய்தல் நம் கடமை. ஆனால் துப்புரவென்ற பெயரால் கரைப் புதர்களையும் மழித்துச் சீமெந்து பூசிவிடின், அப்பறவைக்கு இலையில்லாப் பந்தி விரித்தவராவோம்.

இன்னுமொன்று. இலங்கைப் பறவைகளைப் பற்றி 1955ஆம் ஆண்டில் சிறந்ததொரு நூலை எழுதிய ஜி. எம். ஹென்றி, 1891இல் இந்நாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்தவர். தோட்டத்திலே பிறந்து, அத்தோட்டத்துப் புள்ளினங்களைக் கண்டறியும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கும் உண்டன்றோ? பிறநாட்டார் பெரும்பொருள் செலவிட்டு வந்து காண்பதை, அவர்கள் பள்ளி செல்லும் வழியிலேயே காணலாம். பெயர் சொல்லிக் கொடுப்பார்தாம் வேண்டும்.

ஆதலின் பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளையின் கையிலிருக்கும் கவணை வாங்கி வைத்துவிட்டு, ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுங்கள். கண்ட பறவை, கண்ட இடம், கண்ட நாள் ஆகிய மூன்றையும் எழுதப் பழக்குங்கள். லயத்தருகே ஓடும் ஓடையின் கரையில் நாலு புதர்களையேனும் வெட்டாது விடுங்கள். அடுத்த ஐப்பசியில் யார் வந்து தங்குகின்றார் என்பதைப் பிள்ளைகளே நமக்குச் சொல்லட்டும்.