கப்பலில் அம்மா என்ன சாப்பிடுவார்?



பள்ளி விடுமுறை நெருங்கினாலே வீட்டில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் பத்துமலைக்கோ, பினாங்குக் கடற்கரைக்கோ பேருந்து பிடித்துப் போய் வந்தால் போதும் என்றிருந்தோம். இப்போது பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்து நாலு காசு சேர்க்கிறார்கள். “அம்மாவையும் அப்பாவையும் ஒரு தடவையாவது உல்லாசக் கப்பலில் கூட்டிப் போக வேண்டும்” என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். சிங்கப்பூரிலிருந்து இரண்டு இரவு, மூன்று இரவுப் பயணமாகக் கப்பல்கள் புறப்படுகின்றன. அவற்றில் சில பினாங்கையும் கிள்ளான் துறைமுகத்தையும் தொட்டுச் செல்கின்றன.

பயணச் சீட்டு, கடப்பிதழ், துணிமணி எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடுவார்கள். கப்பலில் அம்மா என்ன சாப்பிடுவார்? இந்தக் கேள்வியை நானும் ஒரு முறை மறந்தேன். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். அப்பா காலமான பிறகு மச்சம் தொடுவதில்லை. முட்டையும் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் தம்பியும் பணம் சேர்த்து அவரை மூன்று இரவுக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போனோம். சீட்டு எடுத்தபோது முகவர் கொடுத்த தாளில் ‘வெஜிடேரியன்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

முதல் நாள் இரவு காய்கறி போட்டுப் பிரட்டிய மீ வந்தது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டை மெல்ல ஒதுக்கிவிட்டு, “பசி இல்லை” என்றார். மறுநாள் காலையில் ரொட்டியும் வாழைப்பழமும். மத்தியானமும் அதுவே. இரவும் அதுவே. சீனி வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது கை நடுங்கி, வேர்த்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனிப்புத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

“அந்த மீயிலே கவிச்சி வாடை அடிச்சதும்மா.”

“ஏம்மா அப்பவே சொல்லல?”

“நீங்க ரெண்டு பேரும் காசு போட்டுக் கூட்டி வந்திருக்கீங்க. அது சரியில்லை, இது சரியில்லைன்னு எப்படிச் சொல்றது?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. போய் விசாரித்தேன். அந்த மீயில் ஊற்றியது ஆய்ஸ்டர் சாஸ். கடல் சிப்பியிலிருந்து எடுப்பது. சாப்பாட்டு அறையின் மேற்பார்வையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். முன்கூட்டியே விவரமாக எழுதியிருந்தால் தனியாகச் சமைத்திருப்பார்களாம். அன்று மத்தியானமே வெள்ளைச் சோறும், பருப்பும், உருளைக்கிழங்குப் பிரட்டலும், தயிரும் அம்மாவின் மேசைக்கு வந்தன. கேட்டதும் கிடைத்தது. ஆனால் அதற்குள் பயணமே முடியப் போகிறது.

தவறு சமையல்காரருடையது மட்டும் அல்ல, சகோதரிகளே. ‘சைவம்’ என்ற சொல்லுக்கு நம் வீட்டில் ஒரு பொருள், கப்பல் அடுப்படியில் வேறு பொருள். மேல்நாட்டுச் சமையலில் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை, பால், பாலாடைக்கட்டி எல்லாம் சேரும். ‘வீகன்’ என்றால் முட்டை, பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. சீனச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். இப்படி ஆளுக்கு ஒரு கணக்கு. விமானத்தில் போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பல விமானங்களில் ‘ஹிண்டு மீல்’ என்று கேட்டால் சைவம் வராது. மாட்டிறைச்சி இல்லாத சாப்பாடு என்றுதான் அதற்குப் பொருள். கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ இருக்கும். சைவம் வேண்டுமானால் ‘ஏசியன் வெஜிடேரியன்’ என்று கேட்க வேண்டும்.

அதுபோலவே ‘ஹலால்’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு மாட்டிறைச்சி இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பன்றியும் மதுவும் இருக்காது. மாட்டிறைச்சி தாராளமாக இருக்கும். ‘இந்திய உணவு’ என்று எழுதிய பகுதியும் முழுச் சைவம் அல்ல. கோழிக் கறியும் கத்தரிக்காய்க் குழம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கரண்டி இங்கிருந்து அங்கே போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பவற்றைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கங்கோங் கீரையில் பெலாச்சான் இருக்கலாம். சம்பலில் நெத்திலியோ காய்ந்த இறாலோ இருக்கலாம். காய்கறி சூப் என்பார்கள், ஆனால் கோழி எலும்பை வேக வைத்த தண்ணீரில் செய்திருப்பார்கள். உருளைக்கிழங்கின் மேல் ஊற்றும் பழுப்புச் சாறு மாட்டிறைச்சியிலிருந்து வந்திருக்கலாம். தளதளவென்று ஆடும் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். அது மாடு, பன்றி இவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. நம் வீட்டு அகார் அகார் கடற்பாசியில் செய்வது. அதில் பயமில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். புரட்டாசி மாதத்திலோ, அம்மா விரதம் இருக்கும் கார்த்திகை, அமாவாசை நாட்களிலோ பயணத்தை வைக்காதீர்கள். நீங்கள் காசு கட்டிய பிறகுதான் தேதியே அவருக்குத் தெரியும். பிறகு வாய் திறக்க மாட்டார்.

இரண்டாவது, சீட்டு எடுக்கும்போதே முகவரிடம் சாப்பாட்டு விவரத்தை எழுதிக் கொடுங்கள். புறப்பட ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்னதாகவே கப்பல்காரர்கள் கேட்பார்கள். சிலர் இன்னும் முன்னதாகவே கேட்பதுண்டு. ஒரே சொல்லில் எழுதாதீர்கள். எதைச் சாப்பிட மாட்டார் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். இறைச்சி இல்லை, கோழி இல்லை, மீன் இல்லை, இறால் சிப்பி இல்லை, முட்டை இல்லை, எலும்புச் சாறு இல்லை, மீன் சாஸ் ஆய்ஸ்டர் சாஸ் இல்லை. பால் தயிர் சாப்பிடுவார். இவ்வளவையும் எழுத வேண்டும். இறாலோ நிலக்கடலையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அது விருப்பு வெறுப்பு அல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மூன்றாவது, கப்பலில் ஏறிய அன்றே சாப்பாட்டு அறை மேற்பார்வையாளரைப் பார்த்து நினைவூட்டுங்கள். பல கப்பல்களில் நாளைய சாப்பாட்டுப் பட்டியலை இன்று இரவே காட்டி, இதில் எது வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் அடுப்படி அது. கடைசி நேரத்தில் கேட்டால் அவர்களுக்கும் சிரமம்.

நான்காவது, ‘பஃபே’ மேசையில் தட்டை எடுப்பதற்கு முன் வெறுங்கையோடு ஒரு சுற்று வாருங்கள். என்னென்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு தட்டை எடுங்கள். நம் ஊர்ப் பக்கம் ஓடும் கப்பல்களில் சோறு, கஞ்சி, மீ, கறி எல்லாம் இருக்கும். மேல்நாட்டுக் கப்பலில் ரொட்டி, உருளைக்கிழங்கு, பாஸ்தா அதிகம். கொஞ்சமாக எடுங்கள், வேண்டுமானால் மறுபடியும் எடுக்கலாம். சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிக்கு, கையில் தடவும் மருந்துத் திரவத்தை விடச் சவர்க்காரமும் தண்ணீருமே நல்லது.

ஐந்தாவது, சீனி, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். புறப்படுமுன் கிளினிக் டாக்டரிடம், சாப்பாட்டு நேரம் மாறினால் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டு வாருங்கள்.

ஆறாவது, வீட்டிலிருந்து சமைத்துக் கட்டிக்கொண்டு போகலாமா? பெரும்பாலும் விட மாட்டார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட், முறுக்குப் பொட்டலங்களைப் பல கப்பல்கள் அனுமதிக்கின்றன. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சோறு வடிக்கும் மின்சட்டியையோ தண்ணீர் காய்ச்சும் கேத்தலையோ எடுத்துப் போகவே கூடாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. நம் ஊருக்கும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து, பலர் உயிரிழந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் மக்களைச் சுமந்த அந்தக் கப்பல் சேவை அத்தோடு நின்றது. கப்பலில் தீ என்றால் இன்றும் பயப்படத்தான் வேண்டும்.

அதற்கு முன் ஓடியது ‘ரஜுலா’. 1926ல் கட்டிய கப்பல், 1970களின் தொடக்கம் வரை நம்மவர்களை ஏற்றி இறக்கியது. என் அம்மா சிறுமியாக இருந்தபோது பாட்டியோடு அதில் ஒரு முறை நாகப்பட்டினம் போய் வந்தாராம். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, பாட்டி கட்டி வந்த புளிச்சோற்றையும் ஊறுகாயையும் சாப்பிட்டார்களாம். “அந்தக் கப்பல்ல கொடுத்ததைச் சாப்பிடணும், இல்லாட்டி கட்டினதைச் சாப்பிடணும். கேக்குற வழக்கம் ஏது?” என்று மூன்றாம் நாள் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

அதுதான் சகோதரிகளே விஷயம். பிரட்டுக்களத்தில் வாய் திறக்காமல் நின்று பழகியவர்கள் நம் பெற்றோர். கேட்காமல் இருப்பதுதான் நல்ல பெயர் என்று நினைத்தவர்கள். காசு கட்டிப் போகும் கப்பலிலும் அந்தப் பழக்கம் அவர்களை விடுவதில்லை. “போதும்”, “பசி இல்லை” என்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். தட்டைப் பாருங்கள். தட்டு உண்மையைச் சொல்லிவிடும்.

கடைசியாக ஒன்று. ஒரு சிறு அட்டையில் எழுதி அம்மாவின் கைப்பையில் போட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில், “நோ மீட், நோ சிக்கன், நோ ஃபிஷ், நோ எக்.” மலாயில், “தாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், தெலுர்.” பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவர் அதைக் காட்டினால் போதும். கப்பல் அடுப்படிகளில் இந்தியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் நிறையப் பேர். அவர்களும் தாயை வீட்டில் விட்டு வந்தவர்கள்தான். புரிந்துகொள்வார்கள்.

பயணத்துக்குக் கிளம்புமுன் ஒரு நாள் சாயங்காலம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது?” என்று கேளுங்கள். இத்தனை ஆண்டுகளாக நமக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டவர், தமக்குப் பிடித்தது எது என்று சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.