காஷ்மீரத்துக் கணப்பு

உங்கள் இல்லத்துப் பீரோவில், பயணம் போய் வந்தவர் அன்பளிப்பாகத் தந்த காஷ்மீர்ச் சால்வை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கக்கூடும். நன்னிலத்து வெயிலில் அதற்கு வேலை குறைவு. மார்கழி வைகறையில் சுப்ஹுத் தொழுகைக்குப் புறப்படும் பெரியவர்கள் தோளில் இட்டுக்கொள்வதோடு சரி. ஆனால் அச்சால்வை எத்தகைய குளிரில், எத்தகைய அறையில் உருவாயிற்று என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

காஷ்மீரத்தில் டிசம்பர் 21 ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாட்களை ‘சில்லே கலான்’ என்பர். பெருங்குளிர்க்காலம் என்பது பொருள். அதனையடுத்து இருபது நாள் சிறுகுளிரும், பத்து நாள் குழந்தைக் குளிரும் வரும். 2024 ஆம் ஆண்டு சில்லே கலான் பிறந்த இரவிலேயே ஸ்ரீநகரில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே 8.5 டிகிரிக்கு இறங்கிற்று. ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதம் கண்டிராத குளிர் அது. குழாய்களில் நீர் உறைந்தது. தால் ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி படர்ந்தது.

வயலும் தோட்டமும் பனியின்கீழ் உறங்கும் அந்த மாதங்களில்தான் அங்கே கைத்தொழில் மும்முரமாக நடைபெறும். தொழிற்கூடம் என்று தனியே கட்டடம் தேட வேண்டுவதில்லை. வீட்டின் ஓர் அறையே தொழிற்கூடம். தாயும் மகளும் லடாக்கின் மேட்டு நிலத்து ஆட்டின் மென்மயிரை ராட்டையில் நூற்பார்கள். மற்றோர் அறையில் ஆடவர் ஊசி வேலையில் ஆழ்ந்திருப்பர். சிலர் காகிதக் கூழால் பெட்டி செய்து அதன்மேல் வண்ணம் தீட்டுவர். 14 ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த மீர் சையித் அலி ஹமதானி அவர்களோடு வந்த கைவினைஞரே இத்தொழில்கள் பலவற்றை வேரூன்றச் செய்தனர் என்பது அம்மக்கள் போற்றும் மரபுச் செய்தி. நெல் விளையும் மண்ணில் பிறந்த நமக்கு மகிழ்வூட்டும் செய்தி ஒன்றுண்டு: அம்மென்மயிரை நூற்கும் முன்னர், ஊறவைத்து இடித்த அரிசிமாவில் புரட்டி வைப்பார்கள். எண்ணெய்ப் பசை நீங்கி, இழை வலுப்பெறுவதற்காம்!

மனிதத் தலைமயிரைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லிய இழை அது. விரல் மரத்துப் போனால் இழை அறுந்துவிடும். ஊசி இடம் தவறிவிடும். ஆகவே அறை கதகதப்பாயிருப்பது அங்கே சுகத்திற்காக அன்று, பிழைப்பிற்காக.

அதற்கு அவர்கள் முதலில் செய்வது நெருப்பு மூட்டுவதன்று என்பதைக் கவனியுங்கள். கோடையில் மேல்மாடியில் வாழ்ந்தவர்கள் குளிர்காலத்தில் கீழ்த்தளத்துச் சிற்றறைக்கு இறங்கி வந்துவிடுவார்கள். பழைய வீடுகளில் தடித்த மண்சுவர். கண்ணாடி பரவாத காலத்தில் மரப்பின்னல் சன்னல்களின்மீது காகிதம் ஒட்டிக் காற்றைத் தடுத்தனர். தரையில் கோரைப்பாய், அதன்மேல் கம்பளி விரிப்பு. உடலில் முழங்காலுக்குக் கீழிறங்கும் ‘ஃபிரன்’ என்னும் தளர்ந்த அங்கி. அந்த அங்கிக்குள்தான் ‘காங்கிரி’ இருக்கும்.

காங்கிரி என்பது மண்சட்டியைச் சுற்றிப் பிரம்புபோல் பின்னிய கைப்பிடிக் கூடை. சட்டியில் கரித்தூளிட்டு, தணலை வைத்து, மேலே சாம்பலைத் தூவினால் சில மணி நேரம் சூடு மெல்லக் கசிந்துகொண்டேயிருக்கும். உதிர்ந்த சினார் இலைகளையும், கழித்துப் போட்ட பழமரக் கிளைகளையும் கொண்டே கரி செய்துகொள்கின்றனர். அறை முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை, கையும் மடியும் சூடாயிருந்தால் போதும் என்ற சிக்கனம் அதிலிருக்கிறது. ஆயினும் அதற்கும் ஒரு விலையுண்டு. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு பட்டுத் தொடையிலும் அடிவயிற்றிலும் தோன்றும் தோல் புற்றுநோயை எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். மருத்துவ நூல்களில் அந்நோய்க்குக் காங்கிரியின் பெயரே நிலைத்துவிட்டது.

என் உள்ளம் கவர்ந்தது ‘ஹமாம்’ என்னும் அமைப்பு. குளியலறை என்றெண்ண வேண்டாம். அறையின் தரை முழுவதும் கற்பலகை. அதன்கீழ் வெற்றிடம். வெளிப்புறத்திலுள்ள வாயில் வழியாக விறகிட்டு எரிக்க, அனல் கல்லின் அடியில் பரவிச் செல்லும். புகை போக்கி வழியே மேலேறிப் போய்விடும். கூடவே ஒரு செப்புக் கொப்பரையில் தண்ணீரும் கொதிக்கும். கல் ஒருமுறை சூடேறிவிட்டால் எளிதில் ஆறுவதில்லை. பள்ளிவாசல்கள் பலவற்றில் இவ்வமைப்பு உண்டு. ஒளுச் செய்ய வெந்நீர், தொழுது முடித்த முதியோர் அமர்ந்திருக்கச் சூடான தரை! நெருப்பு வெளியே, சூடு உள்ளே. இதைவிட அறிவார்ந்த ஏற்பாடு வேறென்ன? ஆனால் ஹமாம் கட்டப் பணம் வேண்டும். மூட்டை மூட்டையாய் விறகும் வேண்டும். சால்வை தைக்கும் ஏழைக்கு அது எட்டுவதில்லை. அவன் தகரக் கணப்பை வைத்துப் புகைக்குழாயைச் சன்னல் வழியே நீட்டுவான். அதுவும் இயலாதபோது கரியையோ எரிவாயுக் கணப்பையோ அறைக்குள் வைத்துக் கதவை இறுக அடைத்துக்கொள்வான்.

அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் வாடகை வீடொன்றில் பெற்றோரும் மூன்று குழந்தைகளுமாக ஐவர் மூச்சுத்திணறி மாண்டனர். அறையைச் சூடேற்றிய கருவியே காரணமாயிருக்கலாம் என்று செய்திகள் கூறின.

காற்றுப் போதாமல் கரி எரியும்போது ‘கார்பன் மோனாக்சைடு’ என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணையும் கரிக்காது. விறகுப் புகை நம்மை இருமவைத்து வெளியே துரத்திவிடும். தணலோ புகையின்றிச் சிவந்திருந்து நம்மை ஏமாற்றும். நம் இரத்தம் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த நச்சை ஏற்றுக்கொள்கிறது. முதலில் தலைவலி, பின் குமட்டல், அதன்பின் அயர்வு. களைப்பு என்றெண்ணிக் கண்ணயர்பவர் எழுந்திருப்பதில்லை.

காஷ்மீரத்துக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் டெல்டாவில் குளிரில்லை; ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஈரமும் உண்டு. வீட்டிலேயே தையல் தொழில் செய்யும் சகோதரிகள் பெருநாளுக்கும் திருமணத்திற்கும் இரவெல்லாம் தைக்கிறார்கள். மின்சாரம் போய்விட்டால் சிலர் சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை எடுக்கிறார்கள். சாரல் அடிக்கிறதென்று சன்னலைச் சாத்திவிடுகிறார்கள். துணி உலர்வதற்கென்று குமுட்டி அடுப்பை அறைக்குள் வைப்பவர்களும் உண்டு. இன்னும் கவலைக்குரியது, பிள்ளை பெற்றவளும் பச்சிளங்குழந்தையும் படுத்திருக்கும் அறையில் காற்றுப் படக்கூடாதென்று எல்லாவற்றையும் அடைத்து, தணல் சட்டியை இரவு முழுதும் வைத்திருக்கும் வழக்கம். பாட்டிமார் காலத்து ஓட்டு வீட்டில் ஓட்டிடுக்குகள் வழியே காற்று வந்து போனது. இன்றைய காங்கிரீட் அறையில் அந்த இடுக்கு ஏது? 2024 ஆகஸ்டில் கோடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற இளைஞர் இருவர், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிரிழந்ததையும் மறந்துவிட வேண்டாம்.

சட்டிக்கருகே ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் நஞ்சு நீங்கிவிடும் என்று சொல்வோருண்டு. அது தவறு, இவ்வாயு நீரில் கரைந்துவிடுவதில்லை. சாம்பிராணி போடுவதாயின் வெளியே கரியைக் கனிய வைத்து, கதவைத் திறந்துவைத்துப் போட்டுவிட்டு, உடனே சட்டியைத் திண்ணைக்கோ முற்றத்திற்கோ கொண்டுபோய்விடுங்கள். குழந்தைக்குக் கதகதப்பு வேண்டுமாயின் தாயின் உடற்சூடும் உலர்ந்த போர்வையும் போதும். கரிப்பெட்டியால் இஸ்திரி போடுவதென்றால் தாழ்வாரத்தில் போடலாம். எவரேனும் மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்தபின் 108-ஐ அழையுங்கள்; அறைக்குள்ளேயே நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சவூதியிலும் குவைத்திலும் உள்ள நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பாலைவன இரவுக் குளிர் கடுமையானது. பாலைக் கூடாரத்திலும் தோட்டத்துத் தங்குமிடத்திலும் கரி மூட்டித் தூங்கியவர் காலையில் எழாத செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. அங்குள்ள அதிகாரிகளும் எச்சரித்தவண்ணமே இருக்கின்றனர். அடுத்த முறை மகனிடம் தொலைபேசியில் பேசும்போது, ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டதும், ‘இரவில் அறையைச் சூடேற்ற என்ன வைத்திருக்கிறாய், வாப்பா?’ என்றும் கேளுங்கள். கரி என்று சொன்னால், தூங்குமுன் அதை வெளியே வைக்கச் சொல்லுங்கள்.