ஆய்வுச் சுவரொட்டிகள் தமிழ் பேசட்டும்

கல்லூரிகளில் இன்று கருத்தரங்கு இல்லாத பருவமே இல்லை எனலாம். கருத்தரங்க மண்டபத்தின் தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்கும் ஆய்வுச் சுவரொட்டிகளையும் நாம் காண்கிறோம். ஓராண்டு உழைப்பை ஒரே தாளில் சுருக்கி, நின்றவாறே படிப்போர்க்கு விளக்கும் இம்முறை அறிவியல் துறைகளில் வேரூன்றிக் கலைத் துறைகளிலும் பரவியுள்ளது. காவிரிப் படுகையின் மாணவர்களும் இதில் ஆர்வம் காட்டுவது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் அச்சுவரொட்டிகளின் முன் சற்று நின்று நோக்குவோர்க்கு இரண்டு குறைகள் புலப்படும். ஒன்று, அவை யாவும் ஒரே முகத்துடன் விளங்குகின்றன. மற்றொன்று, சம்பாவையும் குறுவையையும் பற்றிய ஆய்வாயினும், வண்டல் மண்ணைப் பற்றிய ஆய்வாயினும், அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எவருடைய வயலில் மண் எடுக்கப்பட்டதோ அவரால் அதைப் படிக்க இயலவில்லை. இந்நிலை மாற வேண்டும் என்பதே நம் கருத்து.

முதற்குறைக்குக் காரணம் வார்ப்புரு என்பர் சிலர். தலைப்பு, நோக்கம், முறை, முடிவு என்று கட்டங்கள் முன்னரே வகுக்கப்பட்ட கணினிப் பக்கமே வார்ப்புரு. கட்டங்களை நிரப்பினால் சுவரொட்டி ஆயத்தம். இதனால் சிந்தனை மழுங்குகிறது என்பது அவர்தம் வாதம். நாம் இதனை முழுமையாக ஏற்பதற்கில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களை எண்ணிப் பாருங்கள். முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தி என்னும் வகுத்த தொடக்கத்தைப் பெற்றன. மன்னனின் வெற்றிகளைக் கூறும் அப்பகுதி ஒரு கல்வெட்டிலிருந்து மற்றொன்றுக்குப் பெரிதும் வேறுபடுவதில்லை. அதுவும் ஒரு வார்ப்புருவே அன்றோ? அதனால் கல்வெட்டின் பயன் குன்றிவிடவில்லை. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களையும், அவர்கள் எவ்வூர்த் தளியினின்று வந்தனர் என்பதையும், எத்தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதையும் அக்கோயிற் கல்வெட்டு வரையறுத்துக் கூறுகிறது. வகுத்த தொடக்கம் எழுதுவோனின் உழைப்பைக் குறைத்தது, செய்தியைக் குறைக்கவில்லை. வார்ப்புருவைக் கையாளும் முறையும் இதுவே. கட்டம் பொதுவாக இருக்கலாம். கட்டத்துக்குள் வைக்கும் செய்தி நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

2019இல் அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் மைக் மாரிசன் புதியதொரு வார்ப்புருவை முன்மொழிந்தார். ஆய்வின் முதன்மையான முடிவை எளிய மொழியில், மிகப் பெரிய எழுத்தில், நடுவே நிறுத்துக; ஏனையவற்றை ஓரங்களில் ஒதுக்குக என்பது அதன் சாரம். உலகெங்கும் பேசப்பட்ட இக்கருத்து நம் மாணவர்க்கு மிகவும் பொருந்தும். "கடலோர வட்டங்களில் நெற்பயிரின் மீது உவர்த்தன்மையின் தாக்கம்: ஓர் ஆய்வு" என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. எந்த நெல் உவரைத் தாங்கியது, ஒரு மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்பதே நடுவில் நிற்க வேண்டிய செய்தி. எக்டேருக்கு இத்தனை கிலோ என்ற அறிவியற் கணக்கும் இருக்கட்டும். இருபது மா ஒரு வேலி என்று கணக்கிடும் உழவர்க்கு அவர் அறிந்த அளவையும் அருகில் தரப்படட்டும்.

இனி, மொழிக்கு வருவோம். தமிழில் சுவரொட்டி அமைத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, சொற்கள் கட்டத்தை மீறுகின்றன என்று மாணவர் குறைப்படுவதுண்டு. குறை உண்மையே; ஆயின் அது தமிழின் குறை அன்று. ஆங்கிலத்துக்கென வகுத்த கட்டத்தில் தமிழைத் திணிப்பதால் நேர்வது. இதே இடர்ப்பாட்டை நம் படுகையே முன்னொரு காலத்தில் கண்டிருக்கிறது. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாதலால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. சீகன்பால்குவும் உடனிருந்தோரும் அதற்காக அச்சுப்பணியைக் கைவிடவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டனர். 1715இல் புதிய ஏற்பாட்டின் தமிழ் அச்சுப்பதிப்பு நிறைவுற்றது. அயலிலிருந்து வந்த அச்சை நம் மொழிக்கேற்ப மீண்டும் வார்ப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

அவ்வாறு வார்க்கும்போது கருத்திற் கொள்ள வேண்டியவை சில. தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் உண்டாகையால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தினும் கூடுதல் இடைவெளி வேண்டும். சொற்கள் நீளமாதலால் மூன்று குறுகிய பத்திகளைவிட இரண்டு அகன்ற பத்திகள் ஏற்றவை. மிகத் தடித்த எழுத்தில் ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப் போகும். அழுத்தம் தர நிறத்தைப் பயன்படுத்துதலே நன்று.

அளவும் முக்கியம். ஏ0 தாள் 841 மி.மீ. அகலமும் 1189 மி.மீ. நீளமும் உடையது, பதினாறு ஏ4 தாள்களின் பரப்பு. பவர்பாயிண்டில் பணியாற்றுவோர் தொடக்கத்திலேயே இப்பக்க அளவை அமைத்தல் வேண்டும். முடிவில் இழுத்துப் பெரிதாக்கினால் படங்கள் உருக்குலையும். வாட்ஸ்அப் வழி வந்த ஒளிப்படம் சுருக்கப்பட்டது. அலைபேசித் திரையில் தெளிவாகத் தோன்றினும் ஒரு முழ அகலத்தில் அச்சானால் மங்கும். திரையில் ஒளிரும் நாற்றின் பச்சை, அச்சு மையில் சற்று மங்கியே வரும் என்பதையும் அறிந்திருத்தல் நலம். அச்சுக்குக் கொடுக்குமுன் முழுச் சுவரொட்டியையும் ஓர் ஏ4 தாளில் எடுத்துப் பாருங்கள். கையில் வைத்துப் படிக்க முடியாத எழுத்து, நான்கு மடங்கு பெரிதானாலும் நான்கடி தொலைவில் நிற்பவர்க்குப் புலப்படாது.

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. ஆயினும் அச்சகங்கள் பலவற்றில் பழைய குறியீட்டு எழுத்துருக்களே வழக்கில் உள்ளன. மாணவர் கொண்டு செல்லும் யூனிகோடு எழுத்து அங்கே கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகச் சிதைகிறது. எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பாகக் கொடுப்பதும், அச்சாகுமுன் ஒருமுறை நேரில் மெய்ப்புப் பார்ப்பதும் இதற்கு மருந்து. மட்காத ஃப்ளெக்ஸைத் தவிர்த்துத் தாளிலோ துணியிலோ அச்சிடுதல் மண்ணுக்கும் நல்லது.

கருத்தரங்குகளில் ஆங்கிலமே செல்லும் என்பர். செல்லட்டும், ஆங்கிலச் சுவரொட்டியை நாம் விலக்கச் சொல்லவில்லை. அதே கட்டங்களில் தமிழ்ச் சுவரொட்டி ஒன்றும் உடன் பிறக்க வேண்டும் என்கிறோம். கருத்தரங்கு முடிந்ததும் ஆங்கிலச் சுவரொட்டி சுருட்டி மூலையில் வைக்கப்படும். தமிழ்ச் சுவரொட்டிக்கோ கூட்டுறவுச் சங்கமும், நெல் கொள்முதல் நிலையமும், ஊர்ப் பள்ளியும் காத்திருக்கின்றன. 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதைநெல் பெற்றுச் சென்றவர், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருவது வழக்கம். அத்தகைய கூட்டங்களில் ஆய்வுச் சுவரொட்டியும் தொங்குமாயின், உழவரின் வினாக்களும் அனுபவங்களும் ஆய்வாளர்க்கு இருமடங்காகத் திரும்பி வரும்.

இப்பணியில் அனைவர்க்கும் பங்குண்டு. தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கணினித்துறையினருடன் அமர்ந்து, நம் எழுத்துக்கேற்ற வார்ப்புரு ஒன்றை அமைத்து அனைத்துத் துறைகளுக்கும் வழங்கலாம்; கலைச்சொற்களைச் செப்பம் செய்து தரலாம். மாணவர்கள் தம் ஆய்வின் முடிவை ஒரே தமிழ்த் தொடரில் எழுதிப் பழகலாம். அத்தொடர் அமையவில்லையெனின் ஆய்வு இன்னும் தெளியவில்லை என்று கொள்ளலாம். கல்விக்கு வாரி வழங்கும் சமுதாயப் பெரியோர்கள், ஆண்டுதோறும் சில தமிழ்ச் சுவரொட்டிகளின் அச்சுச் செலவை ஏற்கலாம்; அது பெருந்தொகையன்று. அடுத்த கருத்தரங்கிலேயே இதனைத் தொடங்குவோமாக.