மாடித் தக்காளியும் மண்டையில் ஏறாத கணக்கும்

தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தொட்டால் போதும், தமிழ்நாட்டில் ஒரு அறிவுரை கிளம்பிவிடும். "வீட்லயே வளர்த்துக்கோங்க, காசு மிச்சம்!" 2021 நவம்பர் மழையில் விலை எகிறியபோதும் இதையேதான் சொன்னார்கள். 2023 ஜூலையில் அரசாங்கமே ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டி வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். டிவியில் ஒருத்தர், யூடியூபில் நூறு பேர், அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் ஆயிரம் பேர்.

செடி வளர்ப்பது நல்ல விஷயம். அதில் சண்டை இல்லை. ஆனால் "காசு மிச்சம்" என்று சொல்லிவிட்டால் அது கணக்கு. கணக்கென்றால் பேரேடு போட்டுப் பார்க்க வேண்டாமா? போடுவோம்.

மத்திய அரசு 2022-23ல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இருக்கிறது. அதன்படி இந்திய நகரங்களில் ஒரு ஆளுக்கு மாதம் சராசரியாக 6,459 ரூபாய் செலவு. இதில் காய்கறிக்குப் போவது 3.8 சதவீதம். அதாவது 245 ரூபாய் சொச்சம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதே கணக்கெடுப்பில் பானங்கள், பதப்படுத்திய உணவு, வெளியே வாங்கும் சாப்பாடு எல்லாம் சேர்ந்த கணக்குக்குப் போவது 10.64 சதவீதம். நாலு பேர் வீட்டுக்கு 2,700 ரூபாய்க்கு மேல். நிஜமாகவே காசை மிச்சம் பிடிக்க நினைக்கிற குடும்பம் முதலில் கை வைக்க வேண்டிய இடம் மொட்டைமாடியா, பேக்கரியா? கோயமுத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வலிக்கும் :-)

சரி, அந்த ஆயிரத்திலேயே மிச்சம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். இருபது பை வைக்கிறார்கள். எல்லாம் நன்றாகக் காய்த்து வீட்டுக் காய்கறியில் மூன்றில் ஒரு பங்கு மாடியிலிருந்தே வருகிறது. (இது ரொம்ப தாராளமான அனுமானம். மாவுப்பூச்சிக்கு இந்த அனுமானம் தெரியாது.) மாதம் 330 ரூபாய் மிச்சம். இனி செலவுப் பக்கம். பை, நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரம், வேப்பெண்ணெய், ஸ்பிரேயர், பச்சை வலை, அதைக் கட்ட இரும்புக் கம்பி, வெல்டிங் கூலி. எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் என்று வைத்தால், போட்ட முதல் திரும்பி வரவே மூன்று வருஷம். அதற்குள் வெயிலில் பை கிழிந்துவிடும், வலை நைந்துவிடும். தேய்மானம் என்று முதல் வருஷ அக்கவுண்டன்சியில் சொல்லிக் கொடுக்கிறார்களே, அது பரீட்சைக்கு மட்டும்தானா?

ஒரு காமெடியும் உண்டு. அந்த நார்க்கழிவு வருகிற இடம் பெரும்பாலும் பொள்ளாச்சிப் பக்கம். ஒரு காலத்தில் கயிறு ஆலைகளுக்குப் பக்கத்தில் மலை மாதிரி குவிந்து கிடந்த கழிவு. இன்றைக்கு அதைக் கட்டியாக அழுத்தி, பிளாஸ்டிக் சுற்றி, "சேமிக்க" ஆசைப்படுகிறவருக்கே விற்கிறார்கள். இங்கே யார் சேமித்தது, யார் சம்பாதித்தது?

அடுத்து கூலி. இருபது பைக்குத் தண்ணீர் ஊற்றி, பூச்சி பார்த்து, குச்சி கட்ட தினமும் அரை மணி நேரமாவது வேண்டும். மாதம் 15 மணி நேரம். 330 ரூபாயை 15ஆல் வகுத்தால் மணிக்கு 22 ரூபாய். போட்ட முதலைக் கழிக்காமலே இவ்வளவுதான்! அந்த 15 மணி நேரம் யாருடையது என்று பார்த்தால், முக்கால்வாசி வீட்டில் அம்மாவுடையது. ஆசைப்பட்டுப் பை வாங்குகிறவர் அப்பா அல்லது பையன். மூன்றாவது வாரத்திலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறவர் அம்மா. அந்த உழைப்புக்கு நேராகப் பூஜ்யம் என்று எழுதினால்தான் இந்தத் திட்டம் லாபத்தில் நிற்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. விலை ஏறும்போது மாடித் தோட்டம் காப்பாற்றும் என்கிறார்களே, அது நடக்காது. 2021 நவம்பரில் விவசாயியின் தக்காளியை அழுக வைத்த அதே மழைதான் மாடியிலும் பெய்தது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போத்தனூர் மேல் வீசும்போது தக்காளிக் குச்சியெல்லாம் சாய்ந்து கிடக்கும். முருங்கைக்காய் மார்கழியில் ஏன் விலை ஏறுகிறது? அப்போது மரங்களில் காய் இல்லை. பக்கத்துத் தோட்டத்து மரத்தில் இல்லாத காய், வீட்டு மரத்தில் மட்டும் எப்படி இருக்கும்? ஊரெல்லாம் விளையும்போதுதான் வீட்டிலும் விளையும். அப்போது சுந்தராபுரம் உழவர் சந்தையில் அது சல்லிசாகக் கிடைக்கும்.

"மருந்தடிக்காத காய் கிடைக்குதே, மனசுக்கு நல்லா இருக்கே" என்பார்கள். தாராளமாக. அதை ஆரோக்கியம் என்று எழுதுங்கள், பொழுதுபோக்கு என்று எழுதுங்கள், சேமிப்பு என்று எழுதாதீர்கள். வாடகை வீட்டில் இருக்கிறவனிடம் போய், "நீ வளர்த்திருந்தா இந்த விலைக்கு வாங்க வேண்டியதில்லையே" என்று சொல்வதுதான் எரிச்சல். அவனுக்கு மாடிச் சாவியே கிடையாது. தண்ணீர் ஒழுகும், தளம் பாழாகும் என்று வீட்டுக்காரர் ஒரு துளசித் தொட்டிக்குக்கூட யோசிப்பார். குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிற தெருவில் இருபது பைக்கு யார் ஊற்றுவது?

இந்த அறிவுரை யாருக்கு வசதி என்று யோசித்தால் விஷயம் புரியும். பக்கத்து நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021ல் இலங்கை அரசு ஒரே அடியாக ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. விளைச்சல் விழுந்தது. பின்னாலேயே டாலர் தட்டுப்பாடும் வந்தது. 2022 ஜூனில், வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். தப்பு நடந்தது மேலே. மண்வெட்டி வந்தது குடும்பத்தின் கையில்.

இங்கேயும் அதே கதைதான், அளவு சின்னது. போத்தனூரில் பொள்ளாச்சி ரயில் ஏறினால் வழியில் கிணத்துக்கடவு. தக்காளிக்குப் பேர்போன ஊர். விலை விழுந்தால் பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் விவசாயி தக்காளியை வீதியில் கொட்டுகிறார். சில மாதம் கழித்து அதே தக்காளியை நகரத்துக்காரர் நூறு ரூபாய்க்கு வாங்குகிறார். நடுவில் வேண்டியது குளிர்பதனக் கிடங்கு, பதப்படுத்தும் ஆலை, ஒழுங்கான கொள்முதல். இதைக் கேட்க வேண்டிய வாயில், "நாலு பை வாங்கி வையுங்க" என்று திணித்துவிட்டால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

அப்போ வீட்டில் எதையுமே வளர்க்கக் கூடாதா? வளர்க்கலாம், காசும் மிச்சமாகும். ஒரே நிபந்தனை, காசு போட்டு ஆரம்பிக்கக் கூடாது.

பழைய கொங்கு வீடுகளில் பொடக்காளி என்று ஒன்று இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய் நிற்கிற இடத்தில் ஒரு வாழை, ஒரு கறிவேப்பிலை, ஓரத்தில் முருங்கை, வேலியில் படர்ந்த அரசாணிக்கொடி. யாரும் நார்க்கழிவு வாங்கவில்லை. மாதச் செலவு பூஜ்யம். அதனால்தான் வந்தது எல்லாமே லாபம்.

அந்தக் கணக்கு இன்றைக்கும் செல்லும். காய்கறி வாங்கினால் கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலைக்கு இப்போது தனியாகக் காசு கேட்கிறார்கள். ஒரு செடி போதும். கடையில் வாங்கிய புதினாவின் தண்டை ஊன்றினால் வேர் விடும். அஞ்சறைப் பெட்டியிலிருக்கும் கொத்தமல்லியை இரண்டாக உடைத்துத் தூவினால் முளைக்கும். மணத்தக்காளி, பறவை போட்ட விதையிலேயே வரும். வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 கீரை ('கோ' என்றால் கோயமுத்தூர்தான்) அறுக்க அறுக்கத் துளிர்க்கிற ரகம். இவையெல்லாம் சீக்கிரம் வாடுகிற பொருள்கள், கடையில் கொஞ்சமாக வாங்கினாலும் பாதி குப்பைக்குப் போகும். வேண்டும்போது வேண்டிய அளவு கிள்ளிக்கொள்வதில்தான் மிச்சம் இருக்கிறது. தக்காளியையும் கத்தரியையும் விவசாயியிடமே விட்டுவிடலாம், அவர் நன்றாகவே செய்கிறார். பைதான் வேண்டுமென்றால் அரிசிச் சாக்கு இருக்கிறது. விதையை அரசே குறைந்த விலையில் கொடுத்திருக்கிறது. 2021ல் ஆரம்பித்த ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 12 வகை விதையை 15 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

உரம்? அதற்குத்தான் போத்தனூர்க்காரர்கள் காசு கொடுக்கவே கூடாது. கோயமுத்தூர் குப்பை பல வருஷமாக வந்து குவிகிற வெள்ளலூர் கிடங்கு பக்கத்திலேயே இருக்கிறது. காற்று திரும்பினால் சோற்றுத் தட்டு வரைக்கும் நாற்றம் வரும். 2024 ஏப்ரலில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. காய்கறித் தோலையும் பழைய சோற்றையும் வண்டியில் ஏற்றி அங்கே அனுப்பிவிட்டு, மண்புழு உரத்தைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குவதற்குப் பெயர் சேமிப்பா? ஓட்டை போட்ட ஒரு பழைய பெயிண்ட் வாளி, கொஞ்சம் காய்ந்த சருகு, இரண்டு மூன்று மாதப் பொறுமை. உரம் தயார். பத்து வீடு செய்தால் தெருவுக்கு நல்லது. நகரமே செய்தால் வெள்ளலூருக்கு நல்லது.

அடுத்த தடவை தக்காளி நூறைத் தொடும்போது செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, ரசத்துக்குப் புளியைக் கூட்டுவது. இரண்டு, கிணத்துக்கடவில் கொட்டின தக்காளியைப் பத்திரமாக வைக்க இடம் எங்கே என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்பது.

டிஸ்கி: மாடியில் ஏற்கெனவே இருபது பை வைத்திருப்பவர்கள் கோபப்பட வேண்டாம். பையைத் தூக்கிப் போடவும் வேண்டாம், போட்ட காசு போட்டதுதான். அதில் கீரையை விதையுங்கள். குடத்தை மட்டும் இனிமேல் வாங்கினவரே தூக்கட்டும்.